புதரடியில் ஒரு சிறுவனின் குரல்

(வானொலி மறையுரை)



தொடக்கநூல் 21ஆம் அதிகாரத்தில் மனதை உலுக்கும் ஒரு காட்சி உண்டு. ஆபிரகாமின் வீட்டிலிருந்து அனுப்பிவிடப்பட்ட ஆகார், தன் மகனோடு பெயேர்செபா பாலைநிலத்தில் அலைகிறாள். தோற்பையில் இருந்த தண்ணீர் தீர்ந்துபோகிறது. பிள்ளையை ஒரு புதரடியில் கிடத்திவிட்டு, அவன் சாவதைப் பார்க்க மனமில்லாமல் தள்ளிப்போய் உட்கார்ந்து அழுகிறாள். அழுதவள் தாய், ஆனால் கடவுள் கேட்டது சிறுவனின் குரலை என்று விவிலியம் சொல்கிறது. 'இஸ்மயேல்' என்ற பெயருக்கே 'கடவுள் கேட்கிறார்' என்பதுதான் பொருள்.

இன்று உங்களை இன்னொரு வறண்ட நிலத்துக்கு அழைத்துப் போகிறேன். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பையோட் என்று ஒரு சிற்றூர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளம் இருந்த இடத்தில், குற்றம் செய்த சிறுவர்களுக்கான அரசுச் சீர்திருத்தப் பள்ளி ஒன்று நடந்தது. டெக்சாஸ் இளையோர் ஆணையம் என்ற அரசு அமைப்பு அதை நடத்தியது. பிள்ளைகளின் வீடுகளோ வெகு தொலைவில்.

அங்கே உயர் பொறுப்பில் இருந்த இருவர் சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்வதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இத்தனை மாதம் என்று முடிவான தண்டனைக் காலம் கிடையாது. நடத்தை சரியில்லை என்று எழுதினால், உள்ளே இருக்கும் காலம் நீண்டுகொண்டே போகும். யாரைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமோ, வெளியே போகும் கதவின் சாவியும் அவர் கையில்தான். பிள்ளை எப்படி வாய் திறப்பான்?

பணியாளர்கள் சிலர் தலைமையகத்துக்கு எழுதினார்கள், பயனில்லை. 2005இல், கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்த ஒரு தன்னார்வலரிடம் இரண்டு மாணவர்கள் மனம் திறந்தார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. டெக்சாஸ் ரேஞ்சர் காவல் பிரிவு அதிகாரி ஒருவரைத் தேடிப்பிடித்துச் சொன்னார். அதிகாரி விசாரித்து அறிக்கை கொடுத்தார். குற்றம் சாட்டப்பட்ட இருவரும் வேலையை விட்டு விலகினார்கள். அறிக்கையோ இரண்டு ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது.

2007 பிப்ரவரியில் பத்திரிகைகள் எழுதிய பிறகே மாநிலம் விழித்தது. சட்டமன்றத்தின் இரு அவைகளும் கூட்டுக் குழு அமைத்தன. அதே அதிகாரி அக்குழுவின் முன் வந்து சாட்சி சொன்னார். ஆணையத்தின் நிர்வாகக் குழு பதவி விலகியது. அந்த ஆண்டு ஜூனில் புதிய சட்டம் வந்தது. சிறு குற்றங்களுக்காகப் பிள்ளைகளை அங்கே அனுப்பக் கூடாது. அங்கே வைத்திருக்கும் உச்ச வயது 21 அல்ல, 19. காவலர்களுக்கு 300 மணி நேரப் பயிற்சி. பிள்ளைகளின் முறையீட்டைக் கேட்க, ஆணையத்துக்குக் கட்டுப்படாத தனி அதிகாரி ஒருவர். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவருக்கு 2010இல் 10 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. மற்றவரை அடுத்த ஆண்டு நடுவர் குழு விடுவித்தது. 2011இல் ஆணையமே கலைக்கப்பட்டு, புதிய துறை உருவானது.

'நல்லது, எல்லாம் சரியாகிவிட்டது' என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இதே மாநிலத்தின் சிறார் பள்ளிகளில் நடந்த கொடுமைகளைக் கண்டித்து 1974இலேயே ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்திருந்தார். 2024 ஆகஸ்டிலும், புதிய துறையின் ஐந்து நிலையங்களில் பிள்ளைகளின் உரிமைகள் மீறப்படுகின்றன என்று அமெரிக்க நீதித் துறை அறிக்கை தந்தது. சட்டம் கதவைத் திறந்து வைக்கும். உள்ளே போய்ப் பார்க்க வேண்டியவர்கள் மனிதர்கள். ஒருமுறை பார்த்தால் போதாது. திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்பானவர்களே, இதைச் சொல்லும் நான் குற்றமற்றவன் அல்ல. குருவான புதிதில் ஒரு மாணவர் விடுதிக்குப் பொறுப்பாக இருந்தேன். ஒரு நாள் இரவு, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என் அறை வாசலில் வந்து நின்றான். "சாமி, ஒண்ணு சொல்லணும்" என்றான். எனக்கு மாதக் கணக்கை முடிக்கும் அவசரம். "காலையில வாப்பா" என்றேன். காலையில் அவன் வரவில்லை. அந்த வாரமே அவன் அப்பா வந்து, காரணம் எதுவும் சொல்லாமல் ஊருக்கு அழைத்துப் போய்விட்டார். அவன் என்ன சொல்ல வந்தான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அது சின்ன விஷயமாகவே இருந்திருக்கலாம். ஆனால் அப்படித்தான் என்று சொல்லித் தேற்றிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

நம் திருச்சபையும் பிள்ளைகளின் குரலைக் கேட்கத் தவறியதுண்டு. நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும் என்று பயந்து மூடி மறைத்தவர்கள் நம்மிலும் இருந்தார்கள். அந்தப் பயத்தில் புதரடியில் விடப்பட்டது பிள்ளைதான்.

2013ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று, திருத்தந்தை பிரான்சிஸ் ரோம் நகரின் சிறார் சிறைக்குப் போய், அங்கிருந்த பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். பாதம் கழுவ வேண்டுமென்றால் முதலில் குனிய வேண்டும். ஒரு சிறுவனின் குரலைக் கேட்கவும் அப்படித்தான், அவன் உயரத்துக்குக் குனிய வேண்டும்.

இந்த வாரம் உங்கள் வீட்டிலோ, தெருவிலோ, மறைக்கல்வி வகுப்பிலோ ஒரு பிள்ளை "ஒண்ணு சொல்லணும்" என்று வந்தால், கையிலிருக்கும் வேலையைக் கீழே வையுங்கள். சொன்னதை நம்புங்கள். தனியாகத் தாங்க முடியாவிட்டால், குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது, அழையுங்கள். "காலையில வா" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பாலைநிலத்தில் சிறுவனின் குரலைக் கேட்ட ஆண்டவர், நம் செவிகளையும் திறப்பாராக. ஆமென்.