எங்கள் பாடசாலையும் அதன் அயலட்டையும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு நிறைவுக் கூட்டத்தில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடசாலையின் பெருமையைப் பேசுவதற்கு இன்று இந்த மேடையில் பலர் இருக்கிறார்கள். எம்மிடம் கேட்கப்பட்டது வேறொன்று. படித்து முடித்த பிறகும் இந்த அயலை விட்டுப் போகாமல், அல்லது போய்த் திரும்பி வந்து, பிரதான வீதியிலும் அதன் ஒழுங்கைகளிலும் குடியிருக்கும் பழைய மாணவிகள் சிலர் இருக்கிறோம். எங்களுக்குள் ஆசிரியைகள் உண்டு, வங்கியில் வேலை செய்பவர்கள் உண்டு, பேரப்பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விடும் அம்மம்மாக்கள் உண்டு. அவர்கள் சார்பில் பேசும்படிதான் கேட்டார்கள். ஆகவே இனி ‘நாங்கள்’ என்று வரும் இடமெல்லாம் இந்த அயலவர்களையே குறிக்கும்.

கோட்டை அகழியில் தொடங்கிக் கிழக்கே பழைய பூங்கா வரை நடந்தால் அரை மணித்தியாலம்தான். அந்த அரை மணித்தியாலத்துக்குள் முந்நூறு வருடத்துக்கும் மேற்பட்ட யாழ்ப்பாணம் கிடக்கிறது. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்த பிறகு அதற்குக் கிழக்கே பட்டினம் வளர்ந்தது. நேராக ஓடும் தெருக்களும் இலக்கம் சொல்லி அழைக்கும் குறுக்குத் தெருக்களும் அந்தக் காலத்தின் மிச்சம். பறங்கித் தெரு என்ற பெயர் ஏன் வந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒல்லாந்தரின் வழிவந்த பறங்கியர் குடியிருந்த தெரு என்பதால் வந்த பெயர் அது. அவர்கள் கட்டியதும், அவர்களைப் பார்த்து எங்களவர்கள் கட்டியதுமான வீடுகளில் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர், பனஞ்சிலாகைக் கூரை, தூண் வைத்த விறாந்தை. சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி. மின்விசிறி இல்லாத ஆறு வருடத்தை இந்தப் பக்கத்தில் கழித்தவர்களுக்கு அந்தச் சுவரின் அருமை தெரியும்.

பிறகு மிஷன்கள் வந்தன. 1823இல் தொடங்கிய பாடசாலை ஒன்றே பின்னாளில் பரியோவான் கல்லூரியானது. 1850இல் பத்திரிசியார் கல்லூரி. 1862இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1896இல் சுண்டுக்குளி மகளிர் கல்லூரி. கோட்டைப் பக்கத்தில் மத்திய கல்லூரியும் வேம்படியும். ஒரு சிறு நகரத்தின் கடைத்தெருவை ஒட்டி இத்தனை பாடசாலைகள். முப்பது வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணத்தில் அதிகாரம் செய்த டைக் துரை வைத்த மரங்கள்தான் பழைய பூங்கா. அவர் எங்களுக்காக மரம் நடவில்லை. தன் மாளிகைக்கும் கச்சேரிக்கும் நிழல் தேடினார். நிழல் எங்களுக்குக் கிடைத்தது.

பாடசாலை வேறு, பட்டினம் வேறு என்று இங்கே ஒரு காலமும் இருந்ததில்லை. 1981ஆம் ஆண்டு ஆனி முதலாந் திகதி இரவு பொது நூலகம் எரிந்தபோது, பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார் பத்திரிசியார் கல்லூரி மேல்மாடியிலிருந்து அந்தத் தீயைக் கண்டு உயிர்விட்டார் என்பதை நாங்கள் எல்லோரும் பெற்றோர் வாயால் கேட்டே வளர்ந்தோம். தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் எரிந்த கதையை ஒரு மனிதரின் நெஞ்சுவலியாகவே எங்களுக்குச் சொன்னார்கள். நூலகத்துக்கும் வகுப்பறைக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் அக்காமார் ‘அந்தக் காலம்’ என்று தொடங்கினால் எங்களுக்கும் கண் கலங்கும். ஆனால் அந்தக் காலம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. பிரதான வீதியிலிருந்து பத்து நிமிட நடையில் கடற்கரை. அங்கே வலை பின்னிய வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த வகுப்புகளில் எங்களோடு இருந்தார்கள்? அந்த விறாந்தைகளில் யார் கதிரையில் இருக்கலாம், யார் படலையோடு நிற்க வேண்டும் என்பதற்கும் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கையும் சேர்த்து மீட்டுத் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

போர்க்காலத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே இருப்பவர்களில் பலர் அதன் சாட்சிகள். 1990இல் ரயில் நின்றது, மின்சாரம் போனது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். 1995 ஐப்பசி 30ஆந் திகதி இரவு, எங்கள் வகுப்பு சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், முழு வலிகாமமும் செம்மணி வீதியால் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த வருடம் திரும்பியபோது எல்லோரும் திரும்பவில்லை. எங்கள் வகுப்பு இடாப்பைச் சத்தமாக வாசித்தால் இன்று ஸ்காபரோவிலும் ஹரோவிலும் மெல்பேணிலும் இருந்து ‘வந்தேன் ரீச்சர்’ என்று குரல் வரும். அப்படிப் போனவர்களின் வீடுகளைப் பற்றித்தான் நாங்கள் பேச வந்தோம்.

வீடுகள் முதலில் போரால் வெறுமையாகின. பிறகு ஒரு கிழவரோ கிழவியோ தனியே இருந்து காத்தார்கள். 2002இல் பாதை திறந்தது, 2014இல் யாழ்தேவி திரும்பியது. பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து போனார்கள். அம்மாவும் அப்பாவும் காலமான பிறகு படலைக்குப் பெரிய பூட்டு ஒன்று விழுந்தது. இன்று எங்கள் ஒவ்வோர் ஒழுங்கையிலும் அப்படி இரண்டு மூன்று வீடுகள். மீதியில் சில இடிந்து மாடிக் கட்டடங்களாகி விட்டன. விடுதி, ரியூசன் நிலையம், கீழே கைத்தொலைபேசிக் கடை, மேலே கணினி வகுப்பு. கோட்டையை ஒல்லாந்தர் சின்னம் என்று பாதுகாக்கிறார்கள்; அதே காலத்துச் சாயலில் நின்ற ஒரு வீட்டை மூன்று நாளில் பெக்கோ தின்றுவிட்டுப் போகிறது. பனஞ்சிலாகைகள் லொறியில் போனதைப் பார்த்தோம். எங்கே போயின என்று கேட்டால், கொழும்புப் பக்கத்தில் ஒரு ஹொட்டலின் அலங்காரத்துக்கு என்றார்கள்.

இடிப்பது துக்கம். ஆனால் பூட்டி வைப்பது ஆபத்து. இங்கேதான் எங்கள் தொழில் குறுக்கே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெங்கைப் பரப்பும் நுளம்பு சாக்கடையில் பெருகுவதில்லை. தெளிந்த நீரைத்தான் அது தேடும். பூட்டிய வீட்டில் என்னென்ன இருக்கும்? இலை அடைத்த பீலி, மூடியில்லாத தண்ணீர்த் தாங்கி, குளியலறைத் தொட்டி, பின்வளவில் சிரட்டை, உடைந்த சாடி. மாரி மழை ஒன்று போதும். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏழு தொடக்கம் பத்து நாள். மழை நின்று தொட்டி காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடியே ஒட்டியிருக்கும்; அடுத்த மழைக்குப் பொரிக்கும். இந்த நுளம்பு தூரம் பறப்பதில்லை, ஒன்றிரண்டு நூறு மீற்றருக்குள் அதன் வாழ்வு முடிந்துவிடும். அது கடிப்பது காலையிலும் மாலை இருட்டுவதற்கு முன்னும்.

இப்போது எங்கள் பாடசாலை மதிலை மனத்தில் வையுங்கள். அதைச் சுற்றி இருநூறு மீற்றர் வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் எத்தனை பூட்டிய வீடுகள் என்று எண்ணுங்கள். நுளம்பு கடிக்கும் நேரமும் பாடசாலை நேரமும் ஒன்று. மார்கழி, தை மாதங்களில் காய்ச்சலோடு வரும் சீருடைப் பிள்ளைகளிடம் ‘எந்தப் பக்கம் இருக்கிறீர்கள்?’ என்று நாங்கள் கேட்போம். வீடு கொக்குவில் என்பார்கள், அரியாலை என்பார்கள். பகலெல்லாம் எங்கே இருந்தாய் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் பிள்ளை தேறிவிட்டது என்று தாய் ஆறுதலடையும் அந்த மூன்றாம் நான்காம் நாளில்தான் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போகிறது. அந்த இரவுகளைப் பார்த்தவர்களுக்குப் பூட்டிய படலை வெறும் படலையாகத் தெரியாது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிறார். படலையில் அறிவித்தல் ஒட்டுகிறார். அறிவித்தலை வாசிக்க வேண்டியவர் ரொறன்ரோவில் இருக்கிறார். அயலவர்கள் மதிலேறி உள்ளே குதித்தால் நாளைக்கு ‘என் காணிக்குள் யார் போனது?’ என்று வட்ஸ்அப்பில் சண்டை. இது கற்பனையல்ல, நடந்தது.

தண்ணீர் இன்னொரு கதை. இந்தக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைநீர் இறங்கி, கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அதுதான் எங்கள் கிணறு. இந்த நகரத்துக்குக் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை. ஒவ்வொரு வளவிலும் கிணறும் ஒன்று, மலசலகூடக் குழியும் ஒன்று. நாலு பரப்பில் ஒரு குடும்பம் இருந்தபோது மண் அதைத் தாங்கியது. அதே நாலு பரப்பில் நாலு மாடி விடுதி வந்தால், இறைக்கும் தண்ணீரும் இறங்கும் கழிவும் பல மடங்கு. மாரியில் நிலத்தடி நீர் மேலே வரும்போது இரண்டுக்கும் இடையில் பெரிதாக ஒன்றும் இல்லை. வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் ஏன் இந்த ஊரை விட்டுப் போகவில்லை என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாயில் நீர் வருவது பெரிய காரியம். ஆனால் குழாய் வந்தது என்று கிணற்றைக் குப்பைக் குழியாக்கினால் பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்தே கெடும்.

இந்த ஒழுங்கைகளில் இன்று அறை தேடி அலைவது யார் தெரியுமா? கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வரும் ஆசிரியைகள், தாதியப் பயிற்சி பெறும் பிள்ளைகள், புதிதாகக் கச்சேரிக்கு நியமனம் பெற்றவர்கள். விடுதிக்காரர் ஒரு இரவுக்குக் கேட்கும் காசு அவர்களின் ஒரு கிழமைச் சாப்பாட்டுக் காசு. வீட்டுக்காரரோ வாடகைக்கு முதல் ‘எந்த ஊர், ஆருடைய பிள்ளை?’ என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று கேட்பவருக்கும் தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு பக்கம் பூட்டிய வீடு, மறு பக்கம் பெட்டியோடு நிற்கும் பிள்ளை. இரண்டுக்கும் நடுவில் எங்கள் பாடசாலை.

வீட்டுச் சொந்தக்காரர்களின் பயமும் நியாயமானதே. குடியிருக்க விட்டால் எழும்ப மாட்டார்கள், பத்து வருடம் போனால் ஆட்சியுரிமை கேட்பார்கள் என்கிறார்கள். எழுத்தில் குத்தகை ஒப்பந்தம் இருந்தால், வாடகைக்கு இருப்பவர் அந்த உரிமையைக் கோருவது எளிதல்ல என்று சட்டத்தரணிகளான எங்கள் தோழிகள் சொல்கிறார்கள். ஒப்பந்தமே இல்லாமல் ‘பார்த்துக்கொள்’ என்று தூரத்து உறவினரிடம் விட்டுவிட்டுப் போன இடங்களில்தான் வழக்குகள் அதிகம். பூட்டு உங்கள் காணியைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். மரவேர் ஏறிய சுவரும், கறையான் தின்ற கூரையும், எல்லை நகர்ந்த வேலியும் பூட்டிய வீட்டில்தான் நடக்கின்றன.

நூற்றாண்டு நினைவாக வாசலில் அலங்கார வளைவு கட்டலாம் என்று ஒரு யோசனை சங்கத்தில் இருக்கிறது. எங்களுக்கு அதில் பெரிய விருப்பமில்லை என்பதை அக்காமார் மன்னிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், நாங்கள் கேட்பதற்கு. சங்கத்தின் கீழ் ஒரு வீட்டுக் குழு. பாடசாலையைச் சுற்றிப் பூட்டிய வீடுள்ள பழைய மாணவிகள் ஒரு திறப்பைக் குழுவிடம் தரட்டும். மாரிக்கு முன் ஒருமுறை, மாரிக்குள் கிழமைக்கு ஒருமுறை உள்ளே போய்ப் பீலி துப்பரவாக்கி, தாங்கி மூடி, கிணற்றுக்கு வலை போட்டுப் படம் எடுத்து அனுப்புவோம். வேலை செய்பவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். அதை வீட்டுக்காரர் தரட்டும். இது முதற்படி.

இரண்டாவது, விருப்பமுள்ளவர்கள் நொத்தாரிசு முன்னிலையில் முறையாக எழுதி, வேலைக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு நியாயமான வாடகைக்கு விடட்டும். அற்றோணித் தத்துவம் யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதையெல்லாம் சட்டம் தெரிந்தவர்கள் பார்த்துத் தருவார்கள். ஒரேயொரு நிபந்தனையை மட்டும் நாங்கள் வைப்போம். எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இருக்காது. அடையாள அட்டை, வேலை செய்யுமிடம், அவசரத்துக்கு ஒரு தொலைபேசி இலக்கம், அவ்வளவுதான். இதற்குச் சம்மதமில்லாதவர்கள் திறப்பை மட்டும் தாருங்கள், நுளம்பையாவது பார்த்துக்கொள்கிறோம்.

விற்கத்தான் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. கனடாவில் வீட்டுக் கடன் என்ன பாடுபடுத்துகிறது என்று தங்கைமார் சொல்லக் கேட்கிறோம். விற்க முதல் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். இடிக்க முதல் வீட்டைப் படம் எடுத்து, அளந்து, வரைந்து வைக்கப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் தாருங்கள். வரலாற்றுப் பாடத்துக்கு அதைவிட நல்ல செய்முறை இல்லை.

தேநீர் வேளையில் மண்டபத்தின் வலப்பக்கக் கதவடியில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதில் ஒரு கொப்பி இருக்கும். வீட்டு இலக்கம், ஒழுங்கை, உங்கள் தொலைபேசி இலக்கம் எழுதினால் போதும். திறப்பைக் கையோடு கொண்டு வந்தவர்கள் இருந்தால், பெயர் எழுதிக் கட்டுவதற்கு நூலும் மட்டையும் வைத்திருக்கிறோம். பருவமழை தொடங்க இன்னும் ஆறு கிழமைதான் இருக்கிறது.