நிழல் விழும் தோட்டத்தில் என்ன வைக்கலாம்?

(புதுச்சேரி நகரில் நடந்த கூட்டமைப்பின் மாசி மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



விடியற்காலையிலேயே வீட்டு வேலையை முடிச்சுட்டு, பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு கொம்யூன்ல இருந்தெல்லாம் பஸ் பிடிச்சு வந்திருக்கீங்க. கூட்டம் தொடங்குவதற்கு முன் எல்லோரும் சேர்ந்து தாவரவியல் பூங்காவை ஒரு சுற்று சுற்றி வந்தோம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், 1826-ல் தொடங்கிய தோட்டம் அது. அங்கே நடந்துகொண்டிருக்கும்போது ஒரு அக்கா கேட்டாங்க: "மரம் இவ்வளவு அடர்த்தியா இருக்கு, கீழே வெயிலே விழல, ஆனா செடி பச்சைப் பசேல்னு நிக்குது. எங்க வீட்டு மாமரத்தடியில மட்டும் ஏன் ஒண்ணும் வர மாட்டேங்குது?" இன்னிக்கு வேறு தலைப்பில் பேசலாம்னு குறிப்பு எழுதி வந்திருந்தோம். அதை மடிச்சு வெச்சுட்டு, அந்த அக்கா கேட்டதையே பேசலாம்னு நினைக்கிறோம்.

முதலில் ஒரு செடிப் படத்தைப் பற்றிச் சொல்லணும். போன மாதம் ஒரு குழுவில் போனில் ஒரு படம் சுற்றியது. அகலமான இலை, நீலம் கலந்த பச்சை, ஓரத்தில் வெள்ளைக் கரை. "நிழலில் வளரும், விதை பாக்கெட் அனுப்புகிறோம்" என்று போட்டிருந்தது. நாலு பேர் பணம் கட்டத் தயாராயிட்டாங்க. அந்தச் செடியின் பெயர் ஹோஸ்டா. ஜப்பான், கொரியா, சீனா நாடுகளில் தானாக வளர்வது. குளிர் நாடுகளில் நிழல் தோட்டம் என்றாலே முதலில் இதைத்தான் வைக்கிறார்கள், நூற்றுக்கணக்கான ரகம் உண்டு. ஆனால் அது குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் தூங்கும் செடி. உறைபனிக் குளிரில் சில வாரங்களாவது தூங்கினால்தான் அடுத்த வருஷம் தெம்பாக எழும். நம்ம ஊர் மார்கழிக் குளிர் அதற்குக் காணவே காணாது. இன்னொன்று, கலர் இலை ஹோஸ்டாவை விதை போட்டு எடுத்தால் அதே கலர் வருவது அபூர்வம், பெரும்பாலும் வெறும் பச்சையாகத்தான் வரும். கிழங்கைப் பிரித்து வைத்தால்தான் தாய்ச்செடி மாதிரியே வரும். அதனால விதை பாக்கெட்டில் கலர் படம் போட்டிருந்தால் அங்கேயே சந்தேகப்படணும். நல்லவேளை, பணம் போகலை.

அடுத்தவங்க தப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. எங்க தப்பையும் சொல்லணும். சில வருஷத்துக்கு முன், கார்த்திகை மாதத்தில், ஒரு கிராமத்தில் நாலு உறுப்பினர்கள் வீட்டில் நாங்களே இடம் பார்த்துக் கொடுத்தோம். வீட்டுக்கு வடக்குப் பக்கம், சுவர் ஓரம், ஜில்லுன்னு நல்ல நிழல். ஆளுக்கு மூவாயிரம் ரூபாய் உள்கடன் எடுத்து, நர்சரியில் அழகுச் செடி வாங்கி வைத்தார்கள். பெருக்கி விற்கிறதா திட்டம். மாசி வரை அருமையாக இருந்தது. வைகாசியில் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் வெந்து, காகிதம் மாதிரி நொறுங்குது. தண்ணி ஊத்தலைன்னு அவங்களைத்தான் முதலில் கேட்டோம். அவங்க இரண்டு வேளையும் ஊத்தியிருக்காங்க. கடனைக் கூலி வேலைக்குப் போய் அடைத்தார்கள். அதில் ஒரு அம்மா அதுக்கப்புறம் நாலு மாசம் கூட்டத்துக்கே வரலை. வீட்டில் அவரை என்ன பேசியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கே தவறு? சூரியன் எங்கே போகிறது என்று நாங்கள் பார்க்கவில்லை. கார்த்திகை, மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அப்போ உச்சி வேளையில் பத்தடிச் சுவருக்கு வடக்கே ஏழடி நிழல் விழும். அதே சூரியன் நாளாக நாளாக வடக்கே ஏறி வந்து, ஏப்ரல் 21 வாக்கில் புதுச்சேரிக்கு நேர் உச்சிக்கு வருது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிழலில்லா நாள்னு பாட்டிலை நிற்க வைத்துப் பார்ப்பாங்களே, அதுதான். அதற்குப் பிறகு ஆகஸ்டு 20 வாக்கில் திரும்பி வரும்வரை சூரியன் நமக்கு வடக்கேதான் இருக்கும். அதாவது கத்திரி வெயில் முழுக்க வடக்குச் சுவருக்கு நிழலே கிடையாது. கார்த்திகையில் நிழல் பார்த்து வைத்த செடி வைகாசியில் வெயிலில் நிற்கும். மரத்து நிழலில் இந்த வித்தியாசம் குறைவு, சுவர் நிழலில்தான் ஏமாந்து போவோம். இதைப் படிப்பில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரலை. அந்த ஊரில் ஒரு பாட்டி, "ஆனியில அந்தப் பக்கம்தான்மா நாங்க வத்தல் காய வைப்போம்" என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. வைக்கும் முன்னாடி அவரைக் கேட்டிருக்கணும்.

அதனால செடி வாங்கும் முன் நிழலை அளங்க. செலவே இல்லாத வேலை. காலை எட்டு மணி, உச்சி வேளை, மதியம் மூணு மணி, இந்த மூன்று நேரமும் அந்த இடத்தில் தரைக்கு ஓரடி மேலே கையை நீட்டுங்க. விரல் விரலாகத் தெளிவா நிழல் விழுந்தால் அது வெயில் இடம். கை நிழல் மங்கலா, ஓரம் கலைஞ்சு தெரிந்தால் பாதி நிழல். நிழலே விழலைன்னா அடர் நிழல். குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வீட்டைப் படமாகப் போட்டுக் குறித்து வையுங்க. இப்போ மாசியில் ஒரு தரம், சித்திரை கடைசியில் ஒரு தரம். இரண்டு தரம் பார்க்காமல் சுவர் ஓரத்தில் எதுவும் வைக்க வேண்டாம்.

இனி மாமரத்தடிக் கேள்விக்கு வருவோம். அந்த அக்கா வீட்டில் வைத்தது கத்தரியும் மிளகாயும். பூத்துக் காய்க்கிற செடிக்கெல்லாம் ஐந்தாறு மணி நேரம் நல்ல வெயில் வேணும். தக்காளி, வெண்டை, மல்லிகை எல்லாம் அப்படித்தான். நிழலில் மல்லி வைத்தால் இலை வரும், மொட்டு வராது. இலையாகவோ கிழங்காகவோ நாம் எடுத்துக்கொள்கிற செடிகளில் பல குறைந்த வெளிச்சத்தில் சமாளிக்கும். அதோடு மரத்தடியில் வெளிச்சம் மட்டும் குறையலை. நாம் ஊற்றுகிற தண்ணியையும் போடுகிற எருவையும் மரத்தின் வேர் முதலில் குடித்துவிடும். அங்கே தரையில் வைப்பதைவிட, அடியில் ஓட்டை போட்ட 25 கிலோ அரிசிச் சாக்கிலோ, பழைய பெயிண்ட் வாளியிலோ மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி வைப்பது நல்லது. சாக்கை நகர்த்தவும் முடியும். 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயலில் எத்தனை மரம் சாய்ந்தது என்று மறந்திருக்க மாட்டீங்க. ஒரே ராத்திரியில் நிழல் தோட்டமெல்லாம் வெயில் தோட்டமாயிடுச்சு.

தென்னை இருக்கிற வீடுகள் கொடுத்து வைத்தவை. ஓலை ஆடும்போது வெளிச்சம் வந்து வந்து போகும், பாதி நிழலுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அங்கே முதலில் மஞ்சள் வைங்க. வைகாசி, ஆனியில் ஒன்றிரண்டு முளை உள்ள துண்டாகப் பார்த்து, இரண்டு விரல் ஆழத்தில் ஊன்றினால் தை பிறக்கும்போது இடுப்புயரம் நிற்கும். நிழலில் கிழங்கு கொஞ்சம் மெலிந்துதான் இருக்கும், மறைக்கவில்லை. ஆனால் பொங்கலுக்கு வாங்குகிறவர்கள் பானையில் கட்ட இலையோடு கூடிய கொத்தாகத்தான் வாங்குகிறார்கள். இலை பச்சையாக, உயரமாக இருந்தால் போதும். அறுவடை நாள், விற்கிற நாள், இரண்டும் ஒரே வாரத்தில் வருகிற பயிர் வேறு எது இருக்கு? காய வைக்க, அரைக்க ஒன்றும் வேண்டாம். மிச்சமிருக்கும் கொத்தை வீட்டுக்கே வைத்துக்கொள்ளலாம், அடுத்த வருஷ விதைக்கும் ஆச்சு. இஞ்சியும் இதே பருவம்தான், ஆனால் தண்ணி தேங்கினால் அழுகிவிடும்.

தண்ணி தேங்குறதைச் சொல்லாம முடியாது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சேனையும் மஞ்சளும் இஞ்சியும் தண்ணியில் நின்றால் தாங்காது. சேம்பு தாங்கும், ஈரத்தை விரும்புகிற செடி அது. பள்ளமான, நிழலான தோட்டம் உள்ளவர்கள் சேப்பங்கிழங்கு வைங்க. மேடான தென்னந்தோட்டம் உள்ளவர்கள் சேனை வைங்க, எட்டு ஒன்பது மாதத்தில் தோண்டலாம். சேம்பு மாதிரியே இலை உள்ள அழகுச் செடிகள் பல இருக்கு. இலை ஒரே மாதிரி இருக்கிறதே என்று அதைப் பறித்துச் சமைத்துவிட வேண்டாம். தின்கிற சேம்பையே நன்றாக வேக வைத்து, புளி சேர்த்துச் சமைத்தால்தான் நாக்கு அரிக்காது.

கீரைக்கு வருவோம். நிழல் தோட்டத்தில் எங்களுக்குப் பிடித்தது இதுதான். கடையில் வாங்காமல், தினம் கைக்கு எட்டுகிற தூரத்தில் கீரை இருந்தால்தான் நம் தட்டிலும் விழும். வாங்கி வந்த கீரை கணவருக்கும் பிள்ளைக்குமே சரியாகப் போயிடுது. ஈரமான பாதி நிழலில் வல்லாரை தானே கொடி ஓடிப் பரவும். ஓமவல்லியை ஒரு கிளை ஒடித்து ஊன்றினால் போதும். நச்சுக்கொட்டைக் கீரை போத்து நட்டாலே வரும், அடைக்கு அரைத்துப் போடலாம். தவசிக்கீரையும் குச்சி ஊன்றினால் வரும். பொரியல், கூட்டு என்று வேக வைத்து அளவாகச் சாப்பிடுங்க. பச்சையாக அரைத்து ஜூஸ் குடிக்காதீங்க. 1990-களின் நடுவில் தைவானில் உடம்பு இளைக்கணும்னு இந்தச் சாற்றை வாரக்கணக்கில் குடித்தவர்கள் பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. சத்துள்ளது என்பதற்காக எதையும் அளவு மீறக் கூடாது.

நம் வீடுகளில் ஈரமான நிழல் பெரும்பாலும் குளியலறைப் பக்கம்தான் இருக்கும். சோப்புத் தண்ணி ஓடுகிற இடத்தில் வல்லாரை மாதிரி பச்சையாகத் தின்கிற கீரை வேண்டாம். அங்கே வாழையோ கல்வாழையோ இருக்கட்டும்.

மரத்தடி கீழேதான் இடம் என்றில்லை, மரமே ஒரு இடம். வெற்றிலைக் கொடியை மாமரத்திலோ தென்னையிலோ ஏற்றிவிடலாம். கொடிக்காலில் அகத்தியை நிழலுக்கும் தாங்கலுக்கும் வைத்துத்தானே வெற்றிலை வளர்க்கிறார்கள்? ஒரு கொடி இருந்தால் கல்யாணம், காதுகுத்துக்கு வெற்றிலை வாங்கப் போக வேண்டாம்.

அழகுச் செடி வேண்டவே வேண்டாம் என்று சொல்லலை. அந்த ஹோஸ்டா படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்களுக்கு நம்ம சூட்டுக்கு ஏற்ற செடி கலாடியம். கலர் கலரா அகன்ற இலை, பாதி நிழல் போதும். அதுவும் வருஷத்தில் சில மாதம் இலை காய்ந்து கிழங்காகத் தூங்கும். செத்துப் போச்சுன்னு தொட்டியைக் கவிழ்க்காதீங்க, தண்ணியைக் குறைத்து ஓரமா வைங்க, திரும்ப முளைக்கும். அடர் நிழலுக்கு அக்லோனிமா, மணி பிளான்ட், மருள். டைபன்பாக்கியா மட்டும் சின்னப் பிள்ளையும் ஆடும் இருக்கிற வீட்டில் வேண்டாம். இலையைக் கடித்தால் வாய், நாக்கு வீங்கிவிடும், பேச்சு வராது. கலாடியம் இலையும் வாயில் வைக்கக் கூடாததுதான்.

மழைக்காலத்தில் பெரிய நத்தை வரும். ஒரே ராத்திரியில் பாத்தியைக் காலி பண்ணும். சாயங்காலம் பப்பாளி இலையைப் பரப்பி வைத்தால் கீழே வந்து ஒதுங்கும், கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பொறுக்கி உப்புத் தண்ணியில் போடுங்க. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் வாரம் ஒரு தடவை கவிழ்த்துத் துடைங்க, டெங்கு கொசு அந்தத் தண்ணியில்தான் முட்டை இடும்.

விற்பனையைப் பற்றி ஒரே வார்த்தை. டவுனில் விடுதி, ஓட்டல்காரர்கள் நிழல் செடி வாங்குவது உண்மை. அதற்காக முன்கூட்டியே கடன் எடுக்க வேண்டாம். முதல் வருஷம் சாக்கும் குச்சியும் கைமாற்றிக்கொண்டு செய்வோம். குழுவில் ஒருத்தர் வீட்டில் மணி பிளான்ட் இருந்தால் இருபது பேருக்கும் ஒரு கணு கிடைக்கும். வாங்குகிறவர் யார், எத்தனை கேட்கிறார் என்று தெரிந்த பிறகு கடன் பேசலாம். அன்று உள்கடனை அவசரப்பட்டுத் தீர்மானம் போட வைத்தவர்கள் நாங்கள்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்றோம்.

நாலு மாசம் வராமல் இருந்த அந்த அம்மா இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. போன பொங்கலுக்கு அவங்க வீட்டுத் தென்னைக்கு அடியில் இருந்து முப்பது கொத்து மஞ்சள் போயிருக்கு. இந்த வருஷ விதை மஞ்சள் அவங்க வீட்டில் இருந்துதான் எடுக்கப் போகிறோம். வேணுங்கிறவங்க இன்று கிளம்பும் முன் ஊக்குநரிடம் பெயர் கொடுங்க. சித்திரைக் கூட்டத்துக்கு நிழல் குறித்த நோட்டோடு வாங்க, நோட்டைப் பார்த்துத்தான் விதை கொடுப்போம்.