"இத்தனை கம்பெனி ஏம்மா மாறினே?"

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



இன்றைக்குக் கடன், தவணை பற்றிப் பேசப் போவதில்லை. வேலை கேட்டுப் போகும்போது நம்மைத் தடுமாற வைக்கிற ஒரு கேள்வியைப் பற்றிப் பேசுவோம். "இத்தனை கம்பெனி மாறியிருக்கியே, இங்கே மட்டும் நிப்பியா?" ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை.

நம் குழுச் சகோதரி ஒருவர், ஏழு வருஷத்தில் நாலு கம்பெனி பார்த்தவர். நேர்காணலில் பயந்துபோய் இரண்டை மட்டும் சொன்னார். பி.எஃப். பாஸ்புக்கைக் கேட்டார்கள். அதில் நாலும் இருந்தது. தையல் சுத்தமாக இருந்தும் வேலை கிடைக்கவில்லை.

பிறகு அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டோம். முதல் கம்பெனி, 2020 ஊரடங்கில் ஆர்டர் நின்றது. இரண்டாவது, பிரசவம். மூன்றாவது, ஊருக்கு வந்த வேன் நின்றுபோனது. நாலாவது, ஆர்டர் குறைந்து ஆள் குறைத்தார்கள். இதில் எது அவருடைய தப்பு? எதுவுமே இல்லை. மறைத்தது ஒன்றுதான் தப்பாகப் போனது.

நம்முடைய தொழில் ஏற்றுமதியை நம்பியது. வெளிநாட்டில் ஆர்டர் குறைந்தால் இங்கே லைன் நிற்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி போட்டபோதும் தோல் தொழிலுக்கு அந்தப் பயம் வந்தது. ஆகவே கம்பெனி மாறுவதெல்லாம் நம் குணக்கேடு இல்லை. அதே நேரம் கேட்கிறவர் பக்கமும் பார்க்கணும். லைனில் ஒருத்தர் நின்றுவிட்டால் அடுத்தவர் கைக்கு அப்பர் வராது. "இவங்க நிப்பாங்களா?" என்பதுதான் அவருடைய கவலை. அந்தக் கவலைக்குத்தான் நாம் பதில் சொல்லணும்.

எப்படிச் சொல்வது?

ஒன்று, எதையும் மறைக்க வேண்டாம். 2014 முதல் பி.எஃப்.புக்கு எத்தனை கம்பெனி மாறினாலும் ஒரே யு.ஏ.என். நம்பர்தான். சேர்ந்த தேதி, விட்ட தேதி எல்லாம் அதில் தெரியும்.

இரண்டு, கம்பெனிக்கு ஒரு வரி போதும். என்ன வேலை, எத்தனை மாதம், ஏன் விட்டோம். வீட்டுக் கதை முழுவதும் வேண்டாம். இடையில் வீட்டில் அப்பர் கைத்தையல் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்க. அதுவும் அனுபவம்தான்.

மூன்று, பழைய சூப்பர்வைசரைத் திட்ட வேண்டாம். "வேலைச் சூழல் ஒத்துவரலை" என்றால் போதும். ஆனால் அங்கே தவறாக நடந்துகொண்டார்கள் என்றால் அதை மனதிலேயே புதைக்காதீங்க. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்கணும். எங்களிடம் வாங்க, சேர்ந்து போவோம்.

நாலு, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று சொல்லுங்க. அந்தச் சகோதரிக்கு நாங்கள் பழக்கிய பதில் இது: "நாலு இடத்தில் வேலை செய்தேன் சார். இரண்டு இடத்தில் ஆர்டர் இல்லை, ஒரு தடவை பிரசவம், ஒரு தடவை வேன் நின்றது. ஸ்கைவிங், தையல் இரண்டும் தெரியும். இப்போ பிள்ளையை மாமியார் பார்த்துக்கிறாங்க, பஸ் ஸ்டாப்பும் வீட்டுப் பக்கம்தான். தொடர்ந்து வருவேன்." அரை நிமிஷம்கூட ஆகாது. அடுத்த நேர்காணலில் இதைத்தான் சொன்னார். இப்போது வேலையில் இருக்கிறார்.

இன்னொரு விஷயம். அடுத்த தடவை வேலையை விடுவதற்கு முன்னால் கணக்குப் பாருங்க. பிரசவம் என்றதும் நின்றுவிடுகிறோம். இ.எஸ்.ஐ. பிடித்தம் தேவையான நாட்களுக்கு இருந்தால் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் பணம் உண்டு. விடுப்பு எழுதிக் கொடுங்க, ராஜினாமா வேண்டாம். நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரே இடத்தில் 5 வருஷம் முடிந்தால்தான் கிராஜுவிட்டி. நாலரை வருஷத்தில் 200 ரூபாய் கூடுதல் சம்பளத்துக்காக மாறினால் நஷ்டம் யாருக்கு? மாறும்போது பி.எஃப். பணத்தோடு பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால், மாத ஓய்வூதியத்துக்கு வேண்டிய 10 வருஷக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். எடுக்காமல் புதுக் கம்பெனிக்கு மாற்றுங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருத்தர் மேனேஜராக உட்காரட்டும், ஒருத்தர் பதில் சொல்லட்டும். சிரிப்பு வரும், பரவாயில்லை. இங்கே சிரித்துப் பழகிக்கொண்டால் அங்கே வாய் குழறாது. வேலை செய்த கம்பெனிகளை வரிசையாக ஒரு நோட்டில் எழுதி வாங்க.

நாம் உழைத்த இடங்களைச் சொல்ல நமக்கு வெட்கம் எதற்கு, சகோதரிகளே?