துண்டும் பெஞ்சும் போதும்

மாணவர்கள் சூப்பர்ஹீரோ பட முன்னோட்டம் எடுக்கக் கேட்டால் செலவை எண்ணி மறுக்காதீர்கள். மகாராஷ்டிரத்தின் மாலேகானில் விசைத்தறித் தொழிலாளி ஒருவர் சூப்பர்மேனாக நடித்ததை 2008-இல் வந்த ஆவணப்படம் காட்டுகிறது.

முதலில் ஆய்வு. ஒரு முன்னோட்டத்தை ஒலியின்றிப் பார்த்து, ஒவ்வொரு காட்சியும் எத்தனை நொடி என்று குறிக்கச் சொல்லுங்கள். பிறகு கட்டம் போட்டு 12 காட்சிகளை வரையட்டும். நாயகனுக்கு என்ன ஆபத்து என்பது தெரிய வேண்டும், முடிவு தெரியக்கூடாது.

பறப்பதற்கு, மாணவனைப் பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து, பெஞ்சு தெரியாமல் வானத்தோடு படமெடுங்கள். ஒருவர் துண்டை அசைக்கட்டும். மதிலேற யாரையும் விடாதீர்கள்.

என் எட்டாம் வகுப்பில் வாசிக்கவே தயங்கிய மாணவன், பின்னணிக் குரலுக்காக ஒரே பத்தியை இருபது முறை வாசித்தான். எனக்கு அதுவே படம்.