காகிதத்தில் பறக்கும் விமானங்கள்

இருபது ஊர்களை ஒன்றோடொன்று நேராக இணைக்க எத்தனை விமான வழிகள் வேண்டும்? கணக்கிட்டால் 190 என்று வரும். நடுவே ஒரு நிலையத்தை வைத்து, எல்லோரையும் அங்கே கொண்டுவந்து மாற்றி ஏற்றினாலோ 20 வழிகளே போதும். வண்டிச் சக்கரத்தின் குடத்தில் ஆரக்கால்கள் வந்து கூடுவது போன்ற ஏற்பாடு இது. அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் விமானப் போக்குவரத்தின் மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பின், இம்முறை அங்கே வேரூன்றிவிட்டது.

சிக்கனமான முறைதான். ஆனால் பிரயாணிகள் மாறி ஏற வேண்டுமானால் விமானங்கள் யாவும் ஏறத்தாழ ஒரே வேளையில் வந்து, ஒரே வேளையில் புறப்பட வேண்டும். ஓடுபாதை இதற்கு இணங்குமா? முன்னே செல்லும் விமானம் எழுப்பிய காற்றுச் சுழல் அடங்கும்வரை பின்வருவது இடைவெளிவிட்டே இறங்க முடியும். சிகாகோ நகரின் ஓஹேர் நிலையம் இரு பெருங் கம்பெனிகளுக்கு நடுநிலையம். 2003, 2004-ஆம் ஆண்டுகளில் அங்கே விமானங்கள் பெருகின. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு கம்பெனியின் அட்டவணையும் குற்றமற்றது. கூட்டிப் பார்த்தபோதுதான் அது நடவாத காரியம் என்று தெரிந்தது. தாமதங்கள் மலிந்தன. முடிவில் அரசாங்கம் கம்பெனிகளோடு பேசி, 2004 நவம்பர் முதல் பகல் வேளையில் மணிக்கு 88 விமானங்களே வந்திறங்கலாமென வரம்பு கட்டிற்று. 2008 வரை அது நீடித்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1987-இல் பிறந்த ஒரு விதியின்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் நேரந்தவறாமையைக் கணக்குக் காட்ட வேண்டும். பதினைந்து நிமிடத்துக்குக் குறைவான தாமதம், தாமதமே அன்று. கம்பெனிகள் என்ன செய்தன? அட்டவணையில் பயண நேரத்தை நீட்டி அச்சிட்டன! இதை முழு மோசடி என்று நான் சொல்லமாட்டேன். வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துச் சொல்வது ஒருவகையில் நேர்மையே. ஆனால் மாறி ஏறும் இடைவெளியை அந்தத் தாராளத்தோடு நீட்ட அவர்களுக்கு மனம் வருவதில்லை. மொத்தப் பயண நேரம் குறைந்த வழியைத்தானே நாமும் விரும்பி வாங்குகிறோம்!

ஒருவருக்கு நாற்பது நிமிட இடைவெளி என்று கொள்வோம். அவர் வந்த விமானம் 14 நிமிடம் பிந்துகிறது. ஏட்டின்படி அது குறித்த வேளைக்கே வந்தது. அடுத்த விமானத்தின் கதவைப் புறப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்பே அடைத்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது 11 நிமிடம். அதற்குள் கடைசி வரிசையிலிருந்து அவர் இறங்கியாக வேண்டும். அட்லாண்டா போன்ற நிலையமானால் நிலத்தடி ரயிலேறி வேறொரு கட்டடத்துக்கும் போகவேண்டும். மூச்சிரைக்க ஓடிவந்து அவர் மூடிய கதவின்முன் நிற்கிறார். கண்ணாடிக்கு அப்பால் விமானம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. அதுவும் குறித்த வேளைக்கே புறப்படும். இரண்டு விமானங்களும் நேரந்தவறாதவை என்றே ஏட்டில் பதிவாகும். அவருக்கு அடுத்த விமானம் மாலையில்தான்.