பொட்டலம் கட்டிய பக்கங்கள்

1934-ல் திறந்த கல்லணைக் கால்வாய் முதற்கொண்டு நம்ம பூதலூர் பற்றி இணையத்தில் எழுதிவந்த குறிப்புகளை ஹியூகோ என்ற மென்பொருளுக்கு மாற்றிவிட்டேன். அது என்னய்யா என்பீர்கள். ஆள் வந்தபின் தோசை வார்ப்பது பழைய முறை. டேட்டாபேஸ் படுத்தால் கடை மூடல். இதுவோ முன்கூட்டியே கட்டிவைத்த புளியோதரைப் பொட்டலம். மூலக் கோப்புகள் என் கையில். எந்த சர்வரிலும் ஏற்றலாம். 2009-ல் யாகூ ஜியோசிட்டீசை மூடியது நினைவிருக்கும். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் மட்டும் டிஸ்கியில் இருந்த நூல்களை யூனிகோடுக்கு மாற்றிக் காப்பாற்றினார்கள். எனக்குப் படங்களின் முகவரிதான் உயிரை வாங்கிற்று! நம் சங்கத்தின் பழைய மலர்களையும் இப்படி ஏற்றலாம். தட்டச்சு செய்ய இரண்டு பேர் வேண்டும். சாப்பாட்டுக்கு முன் பெயர் கொடுங்கள்.