பெருங்கடைகளை வீழ்த்தியது யார்?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த பொதுக்கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



பிறநாட்டுக் கடைகள் மூடப்பட்ட கதையை இந்த மேடையில் எதற்காகப் பேசவேண்டும் என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். மழையும் சந்தையும் நம்மைப் படுத்தும் பாடு போதாதா, இலண்டனில் ஒரு கடை பூட்டப்பட்டால் நமக்கென்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், தன் பொருளைக் கடனுக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவன் எவனோ, அவனுக்கு இது அயலான் கதையன்று.

ஒரே கூரையின்கீழ்த் துணிக்கு ஒரு பகுதி, பாத்திரத்துக்கு ஒரு பகுதி, தளபாடத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்து வியாபாரம் செய்யும் கடையையே இங்கு பெருங்கடை என்கிறேன். பரிஸ் நகரில் 1852ஆம் ஆண்டு பூசிக்கோ என்பவர் பங்காளியாகச் சேர்ந்து வளர்த்த 'போன் மார்ஷே' கடை இவ்வகைக்கு வழிகாட்டி எனலாம். பேரம் பேசாத நிலைத்த விலை, வாங்காவிட்டாலும் உள்ளே சென்று பார்க்கும் உரிமை, பிடிக்காத பொருளைத் திருப்பிக் கொடுக்கும் வசதி ஆகிய மூன்றும் அங்கே வழக்கமாயின. உயர்ந்தோர்க்கு ஒரு விலை, ஏழைக்கு ஒரு விலை என்ற நிலை மாறியது சிறிய காரியமன்று.

அமெரிக்காவிலே 'சியர்ஸ் றோபக்' என்னும் நிறுவனம் 1890களில் கிராமத்துக் கமக்காரனைத் தேடிச் சென்றது. தடித்த விலைப்பட்டியற் புத்தகத்தைத் தபாலில் அனுப்பியது. அவன் வீட்டிலிருந்தபடியே தையல் இயந்திரத்தையும் கலப்பையையும் தெரிந்து வரவழைத்தான். 1925இல் சிக்காகோவில் அந்நிறுவனம் முதற் கடையைத் திறந்தது. 1973இல் அதே நகரில் 110 மாடிக் கோபுரமொன்றை எழுப்பி முடித்தது. அதே நிறுவனம் 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் வங்குரோத்து நீதிமன்றத்தின் வாயிலில் நின்றது!

ஏன்? மக்களின் வழக்கம் மாறிவிட்டது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விடை. நகரின் நடுவே மாடிப்படி ஏறி இறங்கியவர்கள், மோட்டார் வண்டியை நிறுத்த வசதியுள்ள புறநகர் மலிவுக் கடைகளை நாடினார்கள். பின்னர் இணையம் வந்தது. பிரித்தானியாவில் 2019ஆம் ஆண்டளவில் சில்லறை வியாபாரத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இணையத்தின் வழியே நடைபெற்றது. அடுத்த ஆண்டு கொள்ளைநோய் பரவிக் கடைகள் பூட்டப்பட்டபோது அப்பங்கு இன்னும் உயர்ந்தது. இவையெல்லாம் உண்மை. இன்று நம் பிள்ளைகளும் கைத்தொலைபேசியிலேயே சட்டை தெரிகிறார்கள். அதைக் குற்றமாகக் கொள்வதிற் பொருளில்லை.

ஆனால் இது முழு உண்மையா? வீட்டிலிருந்தே பொருள் வாங்கும் வழக்கத்தை அமெரிக்கக் கமக்காரனுக்குக் கற்பித்ததே சியர்ஸ் அல்லவா? 1993இல் அந்தப் பெரும் விலைப்பட்டியலை அந்நிறுவனமே நிறுத்தியது. மறு ஆண்டு, 1994இல், அமேசன் தோன்றியது. பிற்காலத்தில் சியர்சின் தலைமைக்கு வந்தவர்கள் 2015இல் 235 கடைகளின் நிலத்தையும் கட்டடத்தையும் வேறொரு கம்பனிக்கு மாற்றி, 270 கோடி டொலர் பெற்று, தங்கள் சொந்தக் கடைகளுக்குத் தாங்களே வாடகை செலுத்தும் நிலையை உண்டாக்கினார்கள். விற்ற கம்பனிக்கும் வாங்கிய கம்பனிக்கும் தலைவர் ஒருவரே!

இலண்டனுக்கு வருவோம். 'டெபனாம்ஸ்' என்பது 1778 வரை தன் வரலாற்றைக் கூறிக்கொண்ட கடை. 2003இல் மூன்று முதலீட்டு நிறுவனங்கள் அதனை வாங்கின. 2005இல் 23 கட்டடங்கள் 495 மில்லியன் பவுணுக்கு விற்கப்பட்டு, அதே கட்டடங்கள் நீண்ட குத்தகைக்கு எடுக்கப்பட்டன. 2006இல் பங்குச்சந்தையில் அக்கம்பனி மறுபடியும் விற்பனைக்கு வந்தபோது அதன் தலையில் நூறு கோடி பவுணுக்கு மேற்பட்ட கடன் இருந்தது. வழக்கம் மாறிய காலத்திலே வியாபாரி தன் கடையைச் சுருக்கலாம், பெயர்க்கலாம், புதுப்பிக்கலாம். நிலம் தன்னுடையதாயிருந்தால் அது கூடும். நீண்ட குத்தகையும் பெருங்கடனும் கழுத்தைப் பிடித்திருக்கையில் அவன் எங்ஙனம் அசைவான்? 2021 மே மாதத்தில் கடைசிக் கதவும் பூட்டப்பட்டது. பெயர் மட்டும் 55 மில்லியன் பவுணுக்கு ஓர் இணைய வியாபாரியிடம் சென்றது.

1928இல் தொடங்கிய 'பிரிட்டிஷ் ஹோம் ஸ்டோர்ஸ்' கதை இன்னும் கசப்பானது. 2000ஆம் ஆண்டு சேர் பிலிப் கிறீன் அதனை 200 மில்லியன் பவுணுக்கு வாங்கினார். 2002 முதல் 2004 வரை 414 மில்லியன் பவுண் பங்கிலாபமாக வெளியே எடுக்கப்பட்டதெனவும், அது அக்காலத்து வரி கழித்த இலாபத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எனவும் பாராளுமன்றக் குழுக்களின் அறிக்கை கூறியது. 2015 மார்ச்சில் அக்கம்பனி ஒரேயொரு பவுணுக்குக் கைமாறியது! அடுத்த ஆண்டே அது நொடித்தது. 164 கடைகள் மூடப்பட்டன. 11,000 பேர் வேலை இழந்தனர். ஓய்வூதிய நிதியிலே 571 மில்லியன் பவுண் பற்றாக்குறை. நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் பின், 2017இல் கிறீன் 363 மில்லியன் பவுண் வரை செலுத்த உடன்பட்டார். 2024 யூன் மாதத்தில் இலண்டன் உயர் நீதிமன்றம், மீளும் வழியில்லையென்று அறிந்திருக்கவேண்டிய நிலையிலும் வியாபாரத்தைத் தொடர்ந்தமைக்காக முன்னாட் பணிப்பாளர் இருவரைத் தனிப்பட்ட முறையிற் பொறுப்பாளிகளாக்கியது. நீதி வந்தது, எட்டாண்டுகள் கழித்து வந்தது.

இதற்கு மாறான உதாரணமும் அதே நாட்டில் உண்டு. 'ஜோன் லூயிஸ்' கடைகளை அதன் உரிமையாளர் ஸ்பீடன் லூயிஸ் 1929இல் ஊழியர்களுக்கான நம்பிக்கைப் பொறுப்பாக்கினார். அங்கு வேலை செய்வோர் பங்காளிகள். மாறிய வழக்கம் அவர்களையும் தாக்கியது. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் அவர்களும் 16 கடைகளை மூடினர். ஊழியர்களுக்குரிய ஆண்டுப் பங்கைக் கொடுக்கமுடியாது நின்றனர். ஆயினும் நிறுவனம் நிலைத்திருக்கிறது. காற்று எல்லாக் கூரைமீதும் ஒன்றாகவே வீசிற்று. வளையையும் தூணையும் முன்னரே கழற்றி விற்ற வீடுகளே முதலில் விழுந்தன.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 1844இல் தொடங்கிய கார்கில்ஸ், கொழும்புக் கோட்டையில் 1906இல் எழுந்த செந்நிறக் கட்டடத்திலே வெள்ளைக்காரரின் பெருங்கடையாய் விளங்கியது. 1983இல் அந்நிறுவனம் தன் முதற் சுப்பர் மார்க்கெட்டைத் திறந்தது. துணியையும் வாசனைப் பொருளையும் விற்ற கடை, அரிசியையும் மரக்கறியையும் விற்கும் கடையாக மாறிப் பிழைத்தது. கடை மாறியபோது அதற்குப் பொருள் கொடுப்பவனும் மாறினான். முன்பு சீமை ஆலைக்காரன். இன்று மலைநாட்டிலும் வடக்கிலும் தோட்டஞ் செய்பவன். ஆகவே, பெருங்கடை எதுவாயினும் அதன் கணக்கு இனி நமது கணக்கு.

அன்பர்களே, சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கேளுங்கள். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நம் விற்பனைகளை ஆள்கிறது. நிபந்தனையின்றி வெங்காயத்தை நிறுத்துக் கொடுத்துவிட்டால், பணம் வராவிடினும் வெங்காயம் வாங்கியவனுடையதே. நீங்கள் வெறுங் கடன்கொடுத்தோர் ஆகிவிடுகிறீர்கள். வாங்கிய கம்பனி நொடித்தால், ஈடு பெற்ற வங்கி ஈட்டுப்பொருளைப் பிடித்துக்கொள்ளும். கலைப்புச் செலவும், தொழிலாளரின் சம்பளமும், அரசின் வரிகளும் அடுத்து நிற்கும். ஈடின்றிப் பொருள் கொடுத்தவனின் இடம் வரிசையின் பின்னே. தொழிலாளி முந்துவது நியாயம். ஆனால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொருள் கொடுக்குமுன் அறியவேண்டாமா?

பணம் கிடைக்கும்வரை பொருள் தன்னுடையதே என்று எழுதிவைத்த ஒல்லாந்த அலுமினியத் தகட்டு வியாபாரியின் உரிமையை, 1976இல் 'றொமால்ப்பா' வழக்கில் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. நல்ல தீர்ப்பே. ஆனால் அலுமினியத் தகடு களஞ்சியத்திற் கிடந்து காத்திருக்கும், கத்தரிக்காய் காத்திருக்குமா? அழியும் பொருளை விளைவிப்பவனுக்கு உண்மையான காவல், கடன் நாட்களைக் குறைப்பதே.

ஆதலால் மூன்று காரியங்களை உங்கள்முன் வைக்கிறேன். முதலாவது, அளவும் தரமும் விலையும் பணம் தரும் நாளும் எழுத்தில் இருக்கட்டும். முதற் சுமையின் பணம் கைக்கு வராமல் மூன்றாவது சுமை ஏறாதிருக்கட்டும். இரண்டாவது, விளைவு முழுவதையும் ஒருவரிடமே கொடுக்காதீர்கள். சந்தையையும் சங்கத்தையும் கைவிடாதீர்கள். மூன்றாவது, உங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்குச் செல்லுங்கள். கணக்காய்வு முடிந்ததா, சங்கத்தின் காணி ஈட்டில் இருக்கிறதா, எவருக்கு எவ்வளவு கடன் என்று எழுந்து கேளுங்கள். அங்கத்தவன் கேட்காத கணக்கு, வெள்ளைக்காரன் கடையிலும் சரி, நம் சங்கக் கடையிலும் சரி, ஒரேவகையாகவே முடியும்.

இங்கு வந்திருக்கும் கணக்காளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என்னுடைய சக சட்டத்தரணிகளுக்கும் ஒரு சொல். ஒரு கம்பனியின் சொத்தின்மீது எந்த வங்கிக்கு எவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்பதைக் கம்பனிப் பதிவாளரிடம் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். அதை வாசித்து விளங்கும் கல்வி நம்மிடம் இருக்கிறது. விளைபொருள் கமக்காரனிடம் இருக்கிறது. மாதத்தில் ஒரு மாலை, சங்கத்து மண்டபத்தில் அவர்களோடு உட்கார்ந்து அந்தக் கடதாசிகளை வாசித்துச் சொல்லுங்கள். அடுத்த அறுவடைக்கு முன்னர் அந்த வேலை தொடங்கவேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.